தெளிந்த நீரும் பூச்சித் தூண்டிலும்

(தேனி மாவட்டம் சுருளிப்பட்டியில் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



உழைப்பின் பெருமையை உங்களுக்கு எடுத்துரைக்க வேண்டிய தேவை எவர்க்கும் இல்லை. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நன்செய்யும் உங்கள் உழைப்புக்குச் சான்று கூறும். 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சையும் அதற்குச் சான்று கூறும். ஆகவே இன்று நான் உழைப்பைப் பற்றிப் பேச வரவில்லை. ஓய்வைப் பற்றிப் பேச வந்துள்ளேன்.

நாற்று நட்டு முடிந்தபின் சில நாட்களும், கவாத்து முடிந்து திராட்சை துளிர்க்கும் வரையில் சில நாட்களும் உழவனுக்குச் சற்றே ஓய்வு கிட்டுகின்றது. அவ்வோய்வு எவ்வாறு கழிகின்றது என்பது ஊரின் நலத்தோடு தொடர்புடையது. சீட்டாட்டத்திலும் வீண் வம்பிலும் கழியும் பொழுது குடும்பத்தையும் கெடுக்கும், ஊரையும் கெடுக்கும். உடலுக்கு உறுதியும், உள்ளத்திற்கு அமைதியும், அறிவுக்கு வேலையும் தரும் பொழுதுபோக்கே நல்ல பொழுதுபோக்கு. அத்தகையவற்றுள் ஒன்று தூண்டில் போடுதல். அதிலும் ‘ஃபிளை ஃபிஷிங்’ என்று உலகெங்கும் வழங்கும் பூச்சித் தூண்டில் முறையைப் பற்றியே இன்று சிறிது விளக்க விரும்புகிறேன்.

பூச்சித் தூண்டில் என்பது யாது?

நம் ஊர்ச் சிறுவர்கள் மண்புழுவைக் கோத்துத் தூண்டில் போடுகிறார்கள். புழுவின் மணத்தை நாடி மீன் வருகிறது. பூச்சித் தூண்டிலில் புழுவும் இல்லை, மாவு உருண்டையும் இல்லை. சிறிய முள்ளின்மீது கோழி இறகையும் நூலையும் சுற்றி, நீரில் விழுந்த பூச்சியைப் போன்ற உருவம் ஒன்று செய்கிறார்கள். அதனை மீனுக்கு முன்னால் மெதுவாக இறங்கச் செய்ய வேண்டும். மீன் அதனை மெய்யான பூச்சி என்று நம்பிக் கவ்வ வேண்டும். இதில் வாசனை இல்லை, சுவை இல்லை. போடுபவனின் கைத்திறமையும் கண்ணின் கூர்மையுமே மீனை ஈர்க்கின்றன.

இறகால் செய்த பூச்சிக்கு எடையே இல்லை. எடையற்ற பொருளை எவ்வாறு வீச இயலும்? இங்கேதான் இம்முறையின் நுட்பம் அமைந்துள்ளது. மற்றத் தூண்டில்களில் ஈயக்குண்டின் எடை நூலை இழுத்துச் செல்கிறது. இதில் நூலே கனமானது. அந்நூலின் எடை பூச்சியை ஏந்திச் செல்கிறது. வண்டியோட்டியின் சாட்டை காற்றில் சுருண்டு விரிவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதுபோன்றே இந்நூலும் பின்னே விரிந்து, முன்னே விரிந்து, முடிவில் நீர்மேல் நீள்கிறது. சாட்டை ஒலி எழுப்ப வேண்டும். தூண்டில் நூலோ ஓசையின்றி விழ வேண்டும். கோலைக் கடிகார முகப்பில் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையே மட்டும் அசைக்க வேண்டும் என்று பழக்குவோர் கூறுவர். பின்னால் வீசியபின் நூல் முழுதும் விரியும்வரை ஒரு கணம் பொறுத்திருக்க வேண்டும். பொறுமையற்றவன் நூல் அவன் தலையிலேயே சிக்கிக்கொள்ளும்.

கனமான நூலின் முனையில் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய நரம்பு ஒன்று இணைக்கப்படும். அதன் நுனியில்தான் பூச்சி. நீர்மேல் மிதக்கும் பூச்சி ஒரு வகை. நீருள் அமிழ்ந்து செல்லும் பூச்சி மற்றொரு வகை. நூலின் கனத்தை எண்களால் குறிப்பர். ஆற்றிலும் குளத்திலும் ஐந்தாம் எண் அளவான நூல் போதும். கடலில் காற்றும் பெரிது, மீனும் பெரிது. ஆதலின் எட்டு அல்லது ஒன்பதாம் எண் நூல் வேண்டும்.

பழமையான கலை

இக்கலை இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஈலியன் என்னும் உரோமானிய எழுத்தாளர், மாசிடோனிய நாட்டு ஆற்றங்கரை மக்கள் செந்நிறக் கம்பளி நூலையும் சேவலின் இறகையும் முள்ளில் கட்டி மீன் பிடித்ததைக் குறித்து வைத்துள்ளார். ஜப்பான் நாட்டு மலைவாழ் மக்களும் தனியே ஒரு முறையைக் கையாண்டு வந்தனர். ‘டென்காரா’ என்னும் அம்முறையில் நூல் சுற்றும் உருளையே இல்லை. நீண்ட கோல் ஒன்று, அதன் நுனியில் கோலின் நீளமே உள்ள நூல் ஒன்று, அதன் முனையில் ஒரு பூச்சி, அவ்வளவே. விலையுயர்ந்த கருவிகளை வாங்க இயலாத நம் இளைஞர்களுக்கு இம்முறை மிகவும் ஏற்றது. நேரான, இலேசான மூங்கிற் கழியும் நல்ல நூலும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

நம் மாநிலத்திலும் இக்கலைக்கு நீண்ட வரலாறு உண்டு. சென்னை மாகாணத்தில் அதிகாரியாயிருந்த எச். எஸ். தாமஸ் என்பவர் இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றி 1873-இல் ஒரு நூல் வெளியிட்டார். குளங்களில் தூண்டில் போடுவது பற்றி 1887-இல் மற்றொரு நூல் எழுதினார். நீலகிரியில் டிரௌட் என்னும் குளிர்நீர் மீனை வளர்க்க 1860-களில் டாக்டர் பிரான்சிஸ் டே முயன்றார், அம்முயற்சி நிலைபெறவில்லை. பின்னர் 1907-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எச். சி. வில்சன் என்பவர் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்து, ரெயின்போ டிரௌட் மீனை நிலைபெறச் செய்தார். கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடியாக நீங்கள் அறிந்த சர் பிரடெரிக் நிக்கல்சன், அதே 1907-ஆம் ஆண்டில் சென்னை மாகாண மீன்வள அலுவலகத்தைத் தொடங்கினார். போடிமெட்டுக்கு அப்பால் மூணாறு மலையிலும் தேயிலைத் தோட்டத்தார் டிரௌட் மீனைக் கொணர்ந்து ஓடைகளில் விட்டனர்.

டிரௌட் மீனுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும். நம் பள்ளத்தாக்கின் வெப்பத்தில் அது வாழாது. அதனால் குறை ஒன்றுமில்லை. பூச்சித் தூண்டிலைக் கவ்வும் மீன்கள் நம் நீரிலேயே உள்ளன.

நன்னீரில் தூண்டில்

மாலை வெயில் தணிந்தபின் கண்மாய்க் கரையில் சிறிது நேரம் அசையாமல் நின்று பாருங்கள். நீரின்மேல் சிறு சிறு வட்டங்கள் தோன்றி விரியும். அவை மழைத்துளியால் ஆனவை அல்ல. வெள்ளிச்சியும் கெண்டையும் மேலெழுந்து பூச்சியை உண்ணுகின்றன. அவ்வட்டத்திற்கு ஒரு முழம் முன்னால் உங்கள் பூச்சி ஓசையின்றி இறங்குமானால் பெரும்பாலும் ஏமாற்றம் இராது. விராலுக்குச் சிறு பூச்சி போதாது; தவளையைப் போன்ற பெரிய உருவம் வேண்டும். அல்லி இலைகளின் ஓரத்தில் அதனை விட்டுவிட்டு இழுத்தால் விரால் பாய்ந்து வரும்.

ஆனால் ஒன்று கூறுவேன். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக நீர்மேல் மொய்த்திருக்கும் இடத்தில், அவற்றைக் காத்து நிற்கும் தாய் தந்தை விராலைப் பிடித்தல் ஆகாது. காவல் போனால் குஞ்சுகள் அனைத்தும் பிற மீன்களுக்கும் பறவைகளுக்கும் இரையாகிவிடும்.

ஜிலேபிக் கெண்டையைப் பற்றி அத்தகைய தயக்கம் வேண்டியதில்லை. 1952-இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட அம்மீன் குளம்தோறும் பெருகி, நாட்டு மீன்களின் இடத்தையும் உணவையும் கவர்ந்துவிட்டது. அதனை எவ்வளவு பிடித்தாலும் குழம்புக்கு எடுத்துச் செல்லலாம். நாட்டுக் கெண்டை சிறியதாயின் விட்டுவிடுதலே அழகு. விடும்போது கையை நனைத்துக்கொண்டு தொட வேண்டும். உலர்ந்த கை மீனின் மேலுள்ள வழுவழுப்பைத் துடைத்துவிடும், அதனால் மீனுக்கு நோய் வரும். முள்ளின் எதிர்முனையை நசுக்கிவிட்டால் மீனின் வாயிலிருந்து எளிதில் கழற்றலாம்.

எங்கே தூண்டில் போடலாம் என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். சுருளி அருவியைச் சூழ்ந்த காடு, 2021-இல் அமைக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. அங்கே தூண்டிலோடு செல்லுதல் கூடாது. மஹ்சீர் என்னும் பெருங்கெண்டை வாழும் பெரியாற்று நீர்த்தேக்கமும் புலிகள் காப்பகமே. வைகை அணையில் மீன்பிடி உரிமை பெற்றவர்கள் உள்ளனர். ஊராட்சிக் கண்மாய்களில் மீன்பாசிக் குத்தகை எடுத்தவர்கள் உள்ளனர். அவர்தம் இசைவின்றித் தூண்டில் போடுவது பிறர் தோட்டத்தில் காய் பறிப்பதற்கு ஒப்பாகும். ஆற்றில் இறங்குவோர் மற்றொன்றையும் மறத்தலாகாது. மலையில் மழை பெய்தாலும், அணையிலிருந்து நீர் திறந்தாலும், இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே ஆற்றில் நீர் உயரும். நீர் கலங்கத் தொடங்கியவுடன் கரையேறிவிட வேண்டும்.

உப்பு நீரில் தூண்டில்

நம் நீர் எங்கே சென்று முடிகின்றது? 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வந்து லோயர்கேம்ப்பில் இறங்குகிறது. சுருளியாற்று நீரோடு கூடி முல்லைப் பெரியாறாய் ஓடி, வைகையில் கலக்கிறது. வைகையோ 1959-இல் திறக்கப்பட்ட அணையில் தங்கி, மதுரையைக் கடந்து, இராமநாதபுரம் பெரிய கண்மாயை அடைகிறது. அங்கு மிஞ்சும் வெள்ளம் ஆற்றங்கரை என்னும் ஊரருகே பாக் நீரிணைக் கடலில் சேர்கிறது. ஆகவே கடல் மீனும் நமக்கு முற்றிலும் அயலானதன்று.

கழிமுகங்களில் கொடுவா என்னும் மீன் வாழ்கிறது. அது கடலில் முட்டையிட்டு, கழியிலும் ஆற்றிலும் வளர்ந்து, மீண்டும் கடலுக்குச் செல்லும் இயல்புடையது. முதலில் ஆணாயிருந்து, வளர்ந்தபின் பெண்ணாக மாறுவது அதன் விந்தை. எனவே மிகப் பெரிய கொடுவாக்கள் பெரும்பாலும் முட்டையிடும் தாய்மீன்கள். அவற்றைப் பிடித்த இன்பத்தோடு நீரில் விட்டுவிடுபவன் வருங்காலத்திற்கு நூறு மடங்கு வட்டியோடு கடன் கொடுத்தவன் ஆகிறான். பாரையும் பூச்சித் தூண்டிலைச் சினந்து கவ்வும். கவ்வியபின் கோலை வில்லாக வளைத்து ஓடும்.

கடலில் உள்ள மீன் பூச்சியைத் தேடுவதில்லை. இறாலையும் சிறு மீனையும் தேடுகிறது. ஆதலின் இறகையும் மின்னும் இழையையும் கொண்டு இறால் போலவும் சிறுமீன் போலவும் கட்ட வேண்டும். நீர் ஏறுங்காலமும் வற்றுங்காலமும் அறிந்து நிற்க வேண்டும். பாக் நீரிணையில் நீரேற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவே. எனினும் அச்சிறு ஓட்டத்தோடுதான் இறாலும் சிறுமீனும் நகர்கின்றன, அவற்றைப் பின்தொடர்ந்தே பெரிய மீன் வருகிறது. ஆழமற்ற நீரில் நடக்கும்போது காலை உயர்த்தி வைக்காமல் மணலில் இழுத்து நடக்க வேண்டும். மணலுள் புதைந்திருக்கும் திருக்கை அவ்வசைவை உணர்ந்து விலகிவிடும். வீடு திரும்பியதும் கோலையும் உருளையையும் நல்ல நீரில் கழுவ வேண்டும். உப்பு எந்த உலோகத்தையும் விட்டுவைக்காது.

கடலிலும் சட்டம் உண்டு. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைக் கொண்ட பகுதி 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாக உள்ளது. அங்கே மீன் பிடித்தல் கூடாது. வலை விரித்து வாழ்பவர்களின் வழியில் குறுக்கிடுதலும் முறையன்று. அவர்களுக்கு அது வயிற்றுப்பாடு. நமக்கு அது பொழுதுபோக்கு. பிடித்த மீனை விற்கப் புகுந்தால் அது பொழுதுபோக்கு என்னும் பெயரையே இழந்துவிடும்.

பூச்சி சொல்லும் செய்தி

அன்பர்களே! இப்பொழுதுபோக்கினால் ஊருக்கு விளையும் பயன் என்ன என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வியே அது.

பூச்சித் தூண்டில் போடுபவன் முதலில் பூச்சியைக் கற்க வேண்டும். ஓடையில் கிடக்கும் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். அதன் அடியில் சிறு புழுக்கள் ஒட்டியிருக்கும். சில, மணலைத் துகள் துகளாக ஒட்டித் தமக்கு ஒரு குழாய் வீடு கட்டியிருக்கும். சில, மூன்று வால்களோடு கல்லைப் பற்றியிருக்கும். இவை பல மாதம் நீரில் வளர்ந்து, இறகு முளைத்து மேலெழுந்து, மிகச் சில நாட்களே பறந்து மடிகின்றன. இவற்றைத் தின்றே ஓடை மீன்கள் வளர்கின்றன. இப்பூச்சிகளுள் பல, தெளிந்த, உயிர்க்காற்று நிறைந்த நீரில் மட்டுமே வாழும். சாக்கடை கலந்தாலும், பூச்சிமருந்து கலந்தாலும் முதலில் மறைபவை இவையே. ஆகவே கல்லின் அடியில் பூச்சி இல்லையென்றால் நீருக்கு நோய் வந்துவிட்டது என்று பொருள். ஆய்வுக்கூடம் சொல்லும் முன்பே அக்கல் சொல்லிவிடும்.

அந்நீரைத்தான் நாம் பயிருக்குப் பாய்ச்சுகிறோம். நம் மாடு குடிக்கிறது. நம் பிள்ளைகள் குளிக்கின்றனர். எனவே பூச்சியின் நலம் வேறு, மனிதர் நலம் வேறு அன்று.

காவிரியில் நடந்த ஒன்றைக் கூறுகிறேன். அவ்வாற்றில் திமிலுடைய மஹ்சீர் என்னும் பெருமீன் வாழ்கிறது. அதன் கிளையாறாகிய கபினியில் 1946-இல் தூண்டிலில் பிடிபட்ட மீன் ஒன்று 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ எடை இருந்தது. கருநாடகத்தில் காவிரிக்கரையிலுள்ள கலிபோர் என்னும் தூண்டில் முகாமில், பிடித்த மீனை அளந்து, ஏட்டில் எழுதி, திரும்ப நீரில் விடுவது வழக்கமாயிருந்தது. 1998 முதல் 2012 வரை எழுதப்பட்ட அவ்வேடுகளை ஆராய்ச்சியாளர் எடுத்துப் பார்த்தனர். மஹ்சீர் பெருகுவதாகத் தோன்றியதெல்லாம் வேறிடத்திலிருந்து கொணர்ந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மஹ்சீரின் பெருக்கமே என்பதும், ஆற்றுக்கே உரிய திமில் மஹ்சீர் அருகி வந்ததும் அப்போதுதான் தெளிவாயின. 2018-இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அம்மீனை மிகமிக ஆபத்துக்குள்ளான இனமாக அறிவித்தது. பொழுதுபோக்காகத் தூண்டில் போட்டவர்கள் ஏடு எழுதாமல் இருந்திருந்தால், அம்மீன் அருகி வருவதை உலகம் இத்துணைத் தெளிவாக அறிந்திராது.

இச்செய்தியில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. நல்லெண்ணத்தோடு விட்ட அயல்மீனும் ஆற்றுக்குரிய மீனுக்குக் கேடாகலாம் என்பது ஒன்று. கண்டதை எழுதிவைப்பவனே நீரின் உண்மைக் காவலன் என்பது மற்றொன்று.

ஊராட்சி செய்யத்தக்கவை

ஊராட்சி உறுப்பினர்களின் கவனத்திற்குச் சிலவற்றைப் பணிவுடன் கூறுகிறேன்.

முதலாவது, நஞ்சு கலந்தும் வெடி வைத்தும் மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே குற்றமாக்கியுள்ளது. மின்கம்பியை நீரில் விட்டு மீன் பிடிப்போரோ மீனோடு தம் உயிரையும் பணயம் வைக்கின்றனர். ஒரு நாள் மீனுக்காக ஓராண்டின் மீனை அழிக்கும் இச்செயல்களை ஊரே கூடித் தடுக்க வேண்டும்.

இரண்டாவது, புதுவெள்ளம் வரும்போது சினை மீன்கள் எதிரேறிச் செல்கின்றன. அவ்வேளையில் மடையிலும் மதகிலும் வலையை அடைத்து அவற்றை வாரிக்கொள்வது விதைநெல்லைக் குத்தி உண்பதற்கு ஒப்பாகும். அச்சில நாட்களுக்கேனும் வலைக்கு ஓய்வு தரலாம்.

மூன்றாவது, மருந்து தெளித்த கருவியையும் காலி மருந்துக் குப்பியையும் வாய்க்காலில் கழுவும் வழக்கத்தை அறவே விட வேண்டும். தோட்டத்து மண்ணிலேயே, கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் எட்டாத இடத்தில் கழுவலாம்.

நான்காவது, மீன்பாசி ஏலம் விடும்போது, விதிகள் இடம் தருமாயின், ஒரு கரையை வாரம் ஒரு நாள் கோல் தூண்டிலுக்கு ஒதுக்குமாறு ஒரு நிபந்தனை சேர்க்கலாம். குத்தகைக்காரருக்கு அதனால் பெரிய இழப்பு வாராது. இளைஞர்க்கோ நல்ல பொழுதுபோக்குக் கிட்டும்.

ஐந்தாவது, பள்ளி மாணவரைக் கொண்டு ஓர் ஏடு தொடங்கலாம். மாதம் ஒருமுறை ஓடைக் கல்லைப் புரட்டி, கண்ட பூச்சியையும், பிடித்த மீனின் பெயரையும் நீளத்தையும் அதில் எழுதி வரட்டும். சில ஆண்டுகளில் அது விலைமதிப்பற்ற ஆவணமாகும்.

பூச்சி கட்டுவதற்கு வேண்டிய இறகைப் பற்றியும் ஒரு சொல். இந்தியச் சேவலின் கழுத்திறகு உலகத் தூண்டிற்காரர்களால் நெடுங்காலமாக விரும்பப்படுவது. வீட்டுச் சேவலை அறுக்கும்போது வீணே எறியும் அவ்விறகை உலர்த்திச் சேர்த்தால் நூற்றுக்கணக்கான பூச்சிகள் கட்டலாம். நம் மலையிலுள்ள சாம்பல் நிறக் காட்டுக்கோழியின் கழுத்திறகும் ஒரு காலத்தில் இதற்காகவே வேட்டையாடப்பட்டது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது காக்கப்பட்ட பறவை. வீட்டுக் கோழி இருக்கக் காட்டுக் கோழியின்மேல் கைவைக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை.

பெரியோர்களே! நெல்லைத் தரும் நீர், திராட்சையைத் தரும் நீர், மகிழ்ச்சியையும் தரும். அம்மகிழ்ச்சியை நாடிக் கரையில் நிற்பவன் கலங்கிய நீரைக் கண்டு வாளாவிரான். செத்து மிதக்கும் மீனைக் கண்டும் வாளாவிரான். ஊராட்சி மன்றத்திற்கு வந்து முதலில் சொல்பவன் அவனாகவே இருப்பான். அத்தகைய இளைஞர் பத்துப் பேர் ஒவ்வோர் ஊரிலும் இருப்பாராயின், அவ்வூரின் கண்மாய்க்கும் ஆற்றுக்கும் சம்பளமில்லாத காவலர் பத்துப் பேர் கிடைத்தவர் ஆவர். அவர்கள் கையில் மூங்கிற்கோலைக் கொடுப்பதும், அவர்கள் கொண்டுவரும் செய்தியைச் செவிமடுத்துச் செயலாற்றுவதும் உங்கள் கடமை.